சான்றிதழில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை

வாசகர் கேள்விகள்: விளையாட்டு நினைவுப் பொருட்களும் அவற்றின் மதிப்பீடும்

வீரர்கள் கையெழுத்திட்ட மட்டைகள், ஆட்டத்தில் அணிந்த சட்டைகள், வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகள், பதக்கங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பவர்களும் அவற்றை வாரிசாகப் பெற்றவர்களும் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன: மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த தொகை ஒன்று, விற்கப் போனால் கைக்கு வரும் தொகை வேறு. அவற்றுள் சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: காலஞ்சென்ற என் அப்பா, ஒரு கிரிக்கெட் அணியினர் கையெழுத்திட்ட மட்டையையும் சில பந்துகளையும் விட்டுச் சென்றிருக்கிறார். காப்பீட்டுக்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் வாங்கிய மதிப்பீட்டுச் சான்றிதழ் என்னிடம் உள்ளது. அதைக் காட்டி ஒரு வணிகரிடம் விலை கேட்டேன். சான்றிதழில் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தரவே அவர் யோசிக்கிறார். அன்று மதிப்பீட்டாளர் ஏமாற்றினாரா, இன்று வணிகர் ஏமாற்றுகிறாரா?

பதில்: இருவருமே நேர்மையாக நடந்துகொண்டிருந்தாலும் இந்த இடைவெளி வந்தே தீரும். இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்பதே காரணம்.

காப்பீட்டுக்காகச் செய்யப்படும் மதிப்பீட்டில் மதிப்பீட்டாளரிடம் கேட்கப்படும் கேள்வி, 'இந்த மட்டை தீயில் எரிந்துபோனாலோ திருடு போனாலோ, இதற்கு இணையான இன்னொன்றை அதிகம் அலையாமல் சில்லறை வணிகரிடம் போய் வாங்க எவ்வளவு செலவாகும்?' என்பதுதான். அதற்கான விடையில் வணிகரின் லாபம், அவர் கடை நடத்தும் செலவு, அவசரத்துக்காக நாம் கொடுக்கும் கூடுதல் தொகை எல்லாம் அடங்கியிருக்கும். எனவே அந்தத் தொகை மேலே நிற்பது இயல்பு. அப்படி நிற்பதுதான் காப்பீடு செய்தவருக்கு நல்லதும்கூட. இதற்கு அடுத்த படியில் இருப்பது நியாயமான சந்தை மதிப்பு: விற்கவோ வாங்கவோ எந்தக் கட்டாயமும் இல்லாத, பொருளைப் பற்றிய விவரங்களை ஓரளவு அறிந்த இருவருக்கிடையே அது கைமாறக்கூடிய விலை. வரிக் கணக்குகளிலும் சொத்துப் பிரிவினையிலும் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுவது இதுவே. அதற்கும் கீழே, இத்தனை நாளுக்குள் பணமாக்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் கிடைக்கும் விலை இருக்கிறது. அதை அடிமாட்டு விலை என்று நாம் திட்டினாலும், மதிப்பீட்டுத் தொழிலில் அதுவும் ஒரு முறையான வகைதான்.

கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. சான்றிதழில் 100 என்று எழுதப்பட்ட பொருள் ஏலத்தில் 60-க்குப் போகிறது. அதிலிருந்து ஏல நிறுவனத்தின் கமிஷன், கையெழுத்துகளைச் சரிபார்க்கும் செலவு, படம் எடுத்து அட்டவணையில் போடும் கட்டணம், பத்திரமாக அனுப்பி வைக்கும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் உங்கள் கைக்கு 48 வரும், அதுவும் சில மாதங்கள் கழித்து. நேரடியாக வாங்கும் வணிகரோ பணத்தை இன்றே தந்துவிட்டு, ஓராண்டோ ஈராண்டோ பொருளை வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு கையெழுத்து போலி என்று பின்னால் தெரிந்தால் நட்டமும் அவருடையது. அதனால் அவர் 30 அல்லது 35 என்று கேட்பார். அவர் கேட்டது உங்களை வருத்தலாம். ஆனால் அதை வைத்தே மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே சமயம் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. இன்னும் இரண்டு வணிகர்களிடம் கேளுங்கள். விளையாட்டுப் பொருட்களை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றிடமிருந்து எழுத்துமூலமாக ஓர் உத்தேச மதிப்பையும் வாங்குங்கள். பல நிறுவனங்கள் இதற்குக் கட்டணம் கேட்பதில்லை.

இனி உங்கள் சான்றிதழை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். எந்த நோக்கத்துக்காக மதிப்பிடப்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும். எந்தத் தேதிக்கான மதிப்பு என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் ஒரு வீரரின் புகழ் ஏறியிருக்கலாம், அணியின் மீதான மவுசு இறங்கியிருக்கலாம். மூன்றாவதாக, அந்தத் தொகைக்கு ஆதாரமாக, இதே போன்ற எந்தப் பொருள் எப்போது என்ன விலைக்கு விற்றது என்ற ஒப்பீடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், அழகான எல்லைக்கோடு போட்ட தாளில் ஒரு தொகையும் முத்திரையும் மட்டும் இருந்தால், அதை மதிப்பீடு என்று சொல்வதைவிடப் பாராட்டுப் பத்திரம் என்று சொல்வதே பொருத்தம்.

மட்டையையும் அதே போலக் கூர்ந்து பார்க்க வேண்டும். எத்தனை கையெழுத்துகள் என்பதைவிட, அணித்தலைவரின் கையெழுத்தும் முக்கிய ஆட்டக்காரர்களின் கையெழுத்தும் இருக்கின்றனவா, வெயில் பட்டு மை வெளிறியிருக்கிறதா, மங்கிய எழுத்தின் மேல் யாராவது மீண்டும் எழுதியிருக்கிறார்களா, அது களத்தில் ஆடிய மட்டையா அல்லது கையெழுத்து வாங்குவதற்காகவே கடையில் வாங்கியதா என்பவை விலையைத் தீர்மானிக்கின்றன. பழைய சான்றிதழ் வெறுமனே 'கையெழுத்திட்ட மட்டை ஒன்று' என்று மட்டும் சொல்கிறது என்றால், வணிகர் தன் கண்ணால் பார்த்த பொருளும் சான்றிதழ் சொல்லும் பொருளும் ஒன்றல்ல என்றுதான் பொருள்.

கேள்வி: பெரிய ஏல நிறுவனங்கள் முன்கூட்டியே வெளியிடும் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு விலைக்குப் பொருட்கள் விற்றதாகச் செய்திகளில் படிக்கிறோம். நிபுணர்களால் இவ்வளவு தவறாகவா கணிக்க முடியும்?

பதில்: செய்தியாவது அப்படிப்பட்ட ஏலங்கள்தான் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். மதிப்பீட்டுக்குள்ளேயே அடங்கிப்போன ஏலத்தைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை; யாரும் கேட்காமல் திரும்பிப் போன பொருளைப் பற்றி அறவே எழுதுவதில்லை. பல நிறுவனங்கள் தங்கள் விற்பனைப் பட்டியலில் விலைபோகாத பொருட்களைக் காட்டுவதுமில்லை. ஆகவே விலைபோனவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர், தேர்வில் வென்றவர்களை மட்டும் விசாரித்துவிட்டுத் தேர்வு எளிது என்று சொல்பவரைப் போல முடிவுக்கு வருவார்.

இருந்தாலும் கணிப்பு எகிறுவது உண்மைதான். நவீன ஒலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்ட பியர் த கூபர்த்தன் 1892-இல் ஆற்றிய உரையின் கையெழுத்துப் பிரதி, 2019 டிசம்பரில் நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தபோது, 7 லட்சம் முதல் 10 லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. போனதோ 88 லட்சம் டாலர். 1998-இல் அமெரிக்கக் கூடைப்பந்து (என்.பி.ஏ.) இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் அணிந்த சட்டைக்கு 30 முதல் 50 லட்சம் டாலர் என்று மதிப்பு வைத்தார்கள். 2022 செப்டம்பரில் அது 1 கோடியே 1 லட்சம் டாலருக்கு விற்றது. இவற்றில் நிபுணர்களின் அறிவுக்குறை என்று சொல்ல அதிகம் இல்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய விற்பனையே இருக்காது. அப்படிப்பட்ட பொருளின் விலையை நிர்ணயிப்பவர், உண்மையில், அன்று தோற்றுப்போன ஏலதாரர்தான். அவர் எந்தத் தொகையில் கையை இறக்குகிறாரோ, அதற்கு ஒரு படி மேலே வென்றவர் நிற்கிறார். விட்டுக்கொடுக்க மனமில்லாத இருவர் ஒரே நாளில் வந்தால் விலை யானை விலை குதிரை விலை ஆகிவிடும். ஒருவர் மட்டும் வந்தால் அதே பொருள் அடிவிலையிலேயே முடிந்துவிடும்.

இதற்கு நல்ல சாட்சி மரடோனா. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக, 'கடவுளின் கை' என்று பேர்பெற்ற கோலை அடித்த ஆட்டத்தில் அவர் அணிந்த சட்டை, 2022 மே மாதம் லண்டனில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. நிறுவனம் எதிர்பார்த்தது 40 லட்சத்துக்கு மேல். அந்த வெற்றியைக் கண்ட பிறகு, அதே ஆட்டத்தின் பந்து, நடுவராக இருந்த துனீசியர் அலி பின் நாசரின் கைவசம் இருந்தது, அதே ஆண்டு நவம்பரில் 25 முதல் 30 லட்சம் பவுண்ட் என்ற மதிப்போடு ஏலத்துக்கு வந்தது. 20 லட்சத்துக்குத்தான் போனது. ஆட்டமும் நிகழ்ச்சியும் ஒன்றே, இடைவெளி ஆறே மாதம்; ஒன்று மதிப்பைத் தாண்டியது, மற்றொன்று எட்டவே இல்லை.

மதிப்பீட்டுக்குள் ஒரு வணிக உத்தியும் ஒளிந்திருக்கிறது. கீழ் மதிப்பைத் தாழ்த்தி வைத்தால் 'நமக்கும் எட்டும்' என்று பலர் ஏலத்துக்கு வருவார்கள், வந்தபின் போட்டி சூடுபிடிக்கும். உயர்த்தி வைத்தால் பொருளை ஒப்படைக்கத் தயங்கும் உரிமையாளரின் மனம் குளிரும், ஆனால் வாங்குவோர் ஒதுங்கிவிடுவார்கள். மேலும், இதற்குக் கீழே விற்பதில்லை என்று உரிமையாளரும் நிறுவனமும் தமக்குள் வைத்துக்கொள்ளும் ரகசிய அடிவிலை, வழக்கப்படி, கீழ் மதிப்பைத் தாண்டக் கூடாது. இந்த மூன்றையும் சமாளித்து எழுதப்படும் தொகையை விஞ்ஞான அளவீடாக எடுத்துக்கொண்டால் குறை நம்முடையதுதான்.

கேள்வி: ஏலத்தில் விற்ற தொகை என்று பத்திரிகைகளில் வருவது அப்படியே விற்றவருக்குப் போய்ச் சேருமா?

பதில்: சேராது. மதிப்பீட்டையும் விற்பனை விலையையும் ஒப்பிடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏலத்தில் கடைசியாகக் கேட்கப்பட்ட தொகையின் மேல், வாங்குபவரிடமிருந்து ஏல நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் வசூலிக்கிறது. பெரும்பாலும் அது ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல். பத்திரிகைக்கு அறிவிக்கப்படும் தொகையில் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்கும். முன்கூட்டி வெளியிடப்படும் மதிப்பீட்டில் பொதுவாகச் சேர்ந்திருக்காது. ஆக, செய்தியில் மதிப்பீட்டையும் விற்பனை விலையையும் அருகருகே வைக்கும்போதே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒரே பேஸ்பால் பருவத்தில் 50 ஹோம் ரன்களும் (பந்தை அடித்துவிட்டு எல்லாத் தளங்களையும் சுற்றி வருவது) 50 தளத் திருட்டுகளும் (பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) என்ற சாதனையைத் தொட்ட ஷோஹெய் ஒடானியின் 50-ஆவது ஹோம் ரன் பந்து, 2024 அக்டோபரில் 43 லட்சத்து 92 ஆயிரம் டாலருக்கு விற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏலத்தில் கேட்ட தொகை 36 லட்சம். மீதி 7 லட்சத்து 92 ஆயிரம், 22 சதவீதக் கட்டணம். அதே ஆண்டு டிசம்பரில், 1947-48-இல் இந்தியாவுக்கு எதிரான தொடரில் டான் பிராட்மன் அணிந்த பச்சைத் தொப்பி (ஆஸ்திரேலிய டெஸ்ட் வீரர்களுக்குத் தரப்படுவது) சிட்னியில் போன்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 3 லட்சத்து 90 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கேட்கப்பட்டது; கட்டணத்துடன் வாங்கியவர் கொடுத்தது 4 லட்சத்து 79 ஆயிரத்து 700. இந்தக் கட்டணம் போக, விற்பவரிடமும் கமிஷன் வாங்குவது உண்டு. பெரிய பொருளென்றால் பேரம் பேசி அதைக் குறைக்கலாம், சில சமயம் முழுவதும் தள்ளுபடியும் ஆகும். சிறிய பொருளென்றால் அட்டவணையில் அச்சிட்டிருக்கும் சதவீதம்தான்.

கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் சில வெற்றிக் கதைகளின் நிறமே மாறுகிறது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டை 2023 பிப்ரவரியில் 58 லட்சம் டாலருக்கு விற்றது. மதிப்பீடு 50 முதல் 70 லட்சம். மதிப்பீட்டுக்குள் விற்றதாகவே எல்லோரும் எழுதினார்கள். கட்டணத்தை நீக்கினால் ஏலத்தில் கேட்ட தொகை 50 லட்சத்தைத் தொடவே இல்லை.

கேள்வி: இணையத்தில் என்னிடமுள்ள அட்டையைப் போன்ற ஒன்றுக்கு ஒருவர் மிகப் பெரிய விலை போட்டிருக்கிறார். என்னுடையதையும் அந்த மதிப்புள்ளதாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். அது அவருடைய ஆசை. விற்றுப் போகும் வரை விலை ஆகாது. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அநேகத் தளங்களில் உண்டு, அதில் தேடுங்கள். அங்கும் ஒரே ஒரு விற்பனையைப் பிடித்துக்கொள்ளாமல் அண்மைய ஐந்தாறு விற்பனைகளைப் பாருங்கள்; விற்றதாகக் காட்டியபின் பணம் கட்டாமல் போனவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

கேள்வி: தரச்சான்று நிறுவனம் என் அட்டைக்கு 9 மதிப்பெண் கொடுத்திருக்கிறது. இனி இதன் விலை உறுதியானதுதானே?

பதில்: தரம் ஓரளவு உறுதியாகியிருக்கிறது, விலை ஆகவில்லை. பத்துப் புள்ளி அளவுகோலில் தரம் பார்ப்பவர்கள், அட்டையின் மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பவற்றைத்தான் சொல்கிறார்கள். அதை வாங்க இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை.

1952-ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டைகளில் 9 மதிப்பெண் பெற்ற ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விற்றது. வேறொரு நிறுவனம் 9.5 கொடுத்த இன்னொன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சத்துக்குப் போனது. 1991-இல் அதன் உரிமையாளர் கொடுத்த விலை 50 ஆயிரம். இதைக் கண்டு, மதிப்பெண் அரைப் புள்ளி ஏறினால் விலை இரட்டிப்பாகும் என்று சூத்திரம் எழுதிவிடக் கூடாது. இன்னொரு பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் நூற்றாண்டு கடந்த அட்டைகளில் 3 மதிப்பெண் பெற்ற ஒன்று 2021-இல் 66 லட்சம் டாலருக்கு விற்க, 2 மதிப்பெண் மட்டுமே பெற்ற மற்றொன்று அடுத்த ஆண்டு 72 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கைமாறியது. பொருள் அத்தனை அரிது என்றால் மூலை மழுங்கியிருப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

எண்ணிக்கை அதிகமுள்ள அட்டைகளின் கதை வேறு. 1986-இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட ஜோர்டான் அட்டை, 10 மதிப்பெண் பெற்றது, 2021 ஜனவரி இறுதியில் 7 லட்சத்து 38 ஆயிரம் டாலர் வரை எட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் அட்டைகளின் பக்கம் திரும்பியதால் எழுந்த அலை அது. அடுத்த ஆண்டில் அதே அட்டை, அதே 10 மதிப்பெண்ணுடன், ஏறத்தாழ 2 லட்சம் டாலருக்கு இறங்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் நேர்மையாகவும் முறையாகவும் எழுதப்பட்ட ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழை 2022-இல் விரித்துப் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை.

மதிப்பெண்ணே ஐயத்துக்குரியதாகும் நேரமும் உண்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கி கூட்டாளி ஒருவருடன் 1991-இல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, 8 மதிப்பெண் பெற்று, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்களைத் தான் கத்தரித்ததாக, முன்பு அதை விற்றவரான ஏல நிறுவன அதிபர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். கத்தரித்த அட்டைக்கு விதிப்படி மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் அந்த அட்டையை இன்று யாராவது விற்க முன்வந்தால் வாங்குவோர் வரிசையில் நிற்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதன் அவப்பெயரே அதற்கு ஒரு வரலாறாகிவிட்டது. இதை எந்த மதிப்பீட்டாளர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

கேள்வி: ஆட்டத்தைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு சாதனைப் பந்து நம் கைக்கு வந்தால், உடனே விற்பதா, வைத்திருந்து விற்பதா? வைத்திருக்க வைத்திருக்க விலை ஏறும் என்கிறார்களே.

பதில்: ஏறியதும் உண்டு, இறங்கியதும் உண்டு. இறங்கியவை நமக்கு அதிகம் கற்றுத் தருகின்றன என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

2022 பருவத்தில் பேஸ்பால் வீரர் ஏரன் ஜட்ஜ் அடித்த 62-ஆவது ஹோம் ரன் பந்தைப் பிடித்த ரசிகருக்கு, ஒரு ஏல நிறுவனம் 20 லட்சம் டாலர் தருவதாக வெளிப்படையாக அறிவித்தது. 30 லட்சம் டாலருக்கு வந்த கேட்பையும் அவர் மறுத்ததாகச் செய்திகள் வந்தன. இரண்டு மாதம் கழித்து ஏலத்தில் அது 15 லட்சத்துக்குப் போனது, கட்டணமும் சேர்த்து. அதற்கு முன்பு, 2001 பருவத்தில் பாரி பாண்ட்ஸ் அடித்த 73-ஆவது ஹோம் ரன் பந்து யாருக்குச் சொந்தம் என்று இரு ரசிகர்கள் நீதிமன்றம் போனார்கள். பத்து லட்சம் டாலருக்குக் குறையாது என்று பேசப்பட்ட பந்து அது. விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி 2002 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2003 ஜூனில் அது 4 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அதை வாங்கிய டாட் மெக்ஃபார்லேன்தான், 1999-இல், மார்க் மெக்வயரின் 70-ஆவது ஹோம் ரன் பந்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்தவர். ஒரே பருவத்தில் 70 என்ற மெக்வயரின் சாதனையை மூன்றே ஆண்டில் பாண்ட்ஸ் முறியடித்தார். ஊக்கமருந்து பயன்படுத்தியதை மெக்வயரே 2010-இல் ஒப்புக்கொண்டார். சாதனையின் பேரில் விற்கும் பொருளின் மதிப்பு, அந்தச் சாதனை நிற்கும் வரையில்தான்.

ஓய்வு அறிவித்திருந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியின் 'கடைசி டச்டவுன் பந்து' (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்த பந்து) ஒரே நாளில் இதை மெய்ப்பித்தது. 2022 மார்ச் மாதம் அது 5 லட்சத்து 18 ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு விற்றது. மறுநாள், ஓய்வு முடிவைக் கைவிட்டு மீண்டும் ஆடப் போவதாகப் பிரேடி அறிவித்தார். விற்பனையை இரு தரப்பும் பேசி ரத்து செய்தன. வாங்கியவரின் கெட்ட நேரமும் நல்ல நேரமும் ஒரே வாரத்தில் அடங்கிவிட்டன.

கையில் உறுதியான பணத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போது, அதைவிட மேலான மதிப்பீட்டுத் தாள் ஒன்றை நம்பி மறுப்பது சூதாட்டம். சூதாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சூது என்று தெரிந்து ஆடினால் போதும்.

கேள்வி: அறக்கொடைக்காக நடத்தப்படும் ஏலங்களில் கிடைத்த விலையை ஒப்பீடாகக் காட்டலாமா?

பதில்: காட்டக் கூடாது. ஷேன் வார்ன் தன் பச்சைத் தொப்பியை 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டபோது 10 லட்சத்து 7 ஆயிரத்து 500 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிராட்மன் 1928-இல் அறிமுகமானபோது அணிந்த தொப்பி 4 லட்சத்து 50 ஆயிரத்துக்குத்தான் போனது. வார்னின் தொப்பிக்குக் கொடுக்கப்பட்டதில் எவ்வளவு விலை, எவ்வளவு நன்கொடை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: என்னிடமுள்ள கையெழுத்துப் பந்துடன் 'அசல்' என்ற சான்றிதழ் இருக்கிறது. மதிப்பீட்டாளர் அதை ஏற்றுக்கொண்டு மதிப்பு எழுதித் தந்தார். ஏல நிறுவனம் மட்டும் ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: மதிப்பீட்டாளர் பெரும்பாலும் 'இது அசல் என்ற அனுமானத்தின் பேரில்' என்று அடியில் ஒரு வரி எழுதியிருப்பார். தேடிப் பாருங்கள். அசலா போலியா என்பதைத் தீர்ப்பவர் ஒருவர், அசலானால் என்ன பெறும் என்பதைச் சொல்பவர் வேறொருவர். முதலாமவர் தவறினால் இரண்டாமவரின் எண்ணுக்குப் பொருளே இல்லை. அமெரிக்காவில் 1990-களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பேரில் நடத்திய விசாரணையில், கலிஃபோர்னியாவிலிருந்து இயங்கிய ஒரு பெரும் போலிக் கையெழுத்துக் கும்பல் சிக்கியது. போலிக் கையெழுத்தோடு அதற்கான போலி அசல்சான்றும் சேர்ந்தே விற்கப்பட்டது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. எனவே யார் சான்று கொடுத்தார்கள் என்பதை ஏல நிறுவனம் பார்க்கிறது. விற்றவரே கொடுத்த சான்றென்றால் அதற்கு மரியாதை குறைவு.

அசல்தன்மை உறுதிப்படும்போது விலை எங்கே போகும் என்பதற்கு பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் சட்டை ஒன்றைச் சொல்லலாம். 2005-இல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது அது. 1932 உலகத் தொடரின் (அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடர்) மூன்றாம் ஆட்டத்தில், எங்கே அடிக்கப் போகிறேன் என்று முன்பே கைகாட்டிவிட்டு அவர் ஹோம் ரன் அடித்ததாகப் பேசப்படும் அந்த ஆட்டத்தில், அணிந்ததே இது என்று பழைய புகைப்படங்களோடு நூலிழைகளையும் எழுத்துகளின் அமைப்பையும் ஒப்பிட்ட சான்றுகளுடன், 2024 ஆகஸ்டில் மீண்டும் ஏலத்துக்கு வந்தது. 2 கோடியே 41 லட்சம் டாலர். அந்த ஒப்பீட்டை ஏற்காத வல்லுநர்களும் இருந்தார்கள். 3 கோடி வரை போகும் என்று ஏலத்துக்கு முன் பேசப்பட்டதும் நடக்கவில்லை.

உங்கள் பந்துக்குச் செய்யக்கூடியது, சந்தையில் பெயர் பெற்ற ஒரு மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு நிறுவனத்திடம் அனுப்புவது. கட்டணத்தையும் பந்தின் உத்தேச விலையையும் முதலில் ஒப்பிடுங்கள். சில பொருட்களுக்குச் சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

கேள்வி: அப்பாவின் சேகரிப்பை அண்ணனும் நானும் பிரித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டு எனக்குப் பாதித் தொகை தர விரும்புகிறார். காப்பீட்டு மதிப்பில் பாதி கேட்பது நியாயமா? மதிப்பீட்டாளரை யார் வைப்பது?

பதில்: காப்பீட்டு மதிப்பில் பாதி கேட்டால் அண்ணனுக்கு நட்டம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, அந்தத் தொகைக்கு அவர் நாளை விற்கவே முடியாது. வணிகர் கேட்கும் மொத்த விலையில் பாதி என்று அவர் சொன்னால் உங்களுக்கு நட்டம். நீங்கள் இருவரும் கேட்க வேண்டியது, பிரிவினைக்கென்றே, இன்றைய தேதிக்கு எழுதப்படும் நியாயமான சந்தை மதிப்பு. விற்றால் ஆகக்கூடிய கமிஷனையும் செலவையும் அதிலிருந்து கழிப்பதா வேண்டாமா என்பதை மதிப்பீடு வருவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எண் கண்ணில் பட்ட பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் உடன்பிறப்புகளுக்குள்ளும் மனக்கசப்பு வரும். பொருளை விற்காமல் வைத்துக்கொள்ளப் போகிறவருக்குச் செலவைக் கழித்துத் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேறுவிதமாக நினைப்பவர்களும் உண்டு.

மதிப்பீட்டாளரை இருவரும் சேர்ந்து நியமியுங்கள், கூலியையும் பாதிப் பாதியாகக் கொடுங்கள். எழுதும் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். மதிப்பு ஏறினால் தன் கூலியும் ஏறும் என்றால் அவர் கை தானாகவே மேலே போகும். அமெரிக்காவில் இத்தொழிலுக்கான ஒழுங்குவிதிகள் அப்படிக் கூலி வாங்குவதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. மதிப்பிட்டுவிட்டுத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்பவரும் வேண்டாம்.

மதிப்பீட்டாளரே வேண்டாம் என்று நினைத்தால் இன்னொரு வழி இருக்கிறது. பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீங்கள் இருவரும் தனித்தனித் தாளில், 'இதை நான் வைத்துக்கொள்ள இவ்வளவு தருவேன்' என்று எழுதி ஒரே நேரத்தில் பிரியுங்கள். அதிகம் எழுதியவர் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு, எழுதிய தொகையில் பாதியை மற்றவருக்குத் தரட்டும். கையெழுத்து மட்டைக்கு அண்ணன் பெரிய தொகை எழுதக்கூடும். பழைய அட்டைகளுக்கு நீங்கள் எழுதக்கூடும். இருவருமே எதுவும் எழுதாத பொருட்களை மட்டும் ஏலத்துக்கு அனுப்புங்கள்.